துரை சாப்பிட்ட சனிக்கிழமை

போன மாதம், எங்கள் நகரத்தின் தெற்கு மூலையில், மனுகாவில் ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பிள்ளை திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்கதானே மாஸி ஏரியாவுல நாய் பூனைக்குப் பாக்குற பெட் கிளினிக்ல நர்ஸா இருந்தீங்க?" என்று கேட்டாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. அதே வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமாம். நான் ஓமென்று சொல்லி முடிக்கவில்லை, அடுத்த கேள்வி வந்துவிட்டது. "பூனை சாப்பிட மாட்டேங்குதுன்னு போன் வந்தா, முதல்ல என்ன கேக்கணும் ஆன்ட்டி?"

ஒரு கையில் தட்டும் மறு கையில் கரண்டியுமாக நின்றபடி பாடப்புத்தகப் பதிலைச் சொன்னேன். எத்தனை மணி நேரமாகச் சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கிறதா, வாந்தி உண்டா, கழிவுப் பெட்டிக்குப் போகிறதா. அவள் போனில் தட்டிக் குறித்துக்கொண்டாள். எனக்குப் பின்னால் நின்றவர்கள் பிரியாணியைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள்.

இரண்டு ரயில் மாறி ரானுயியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பதில் என்னை உறுத்தத் தொடங்கிவிட்டது. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நான்கு கேள்வியையும் ஒழுங்காகக் கேட்டுவிட்டுத்தான் நான் ஒரு பூனையைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். ஆகவே மகளே, உனக்கும் உன்னைப்போல் புதிதாக வந்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் மிச்சப் பதிலை இங்கே எழுதுகிறேன். ஊசி போடுவதும் கட்டுப் போடுவதும் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். இது வேறு.

பூனையின் பெயர் துரை. சாம்பல் நிறம், ஐந்தரைக் கிலோ, ஒரு காதில் பழைய சண்டையின் வெட்டு. எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கும் சிவலிங்கம் அண்ணையும் கமலா அக்காவும்தான் வீட்டுக்காரர். அண்ணை பஸ் ஓட்டுபவர், அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. யாழ்ப்பாணத்தார், சைவ சமயம். நான் மன்னார், வேதக்காரி. கோயில் வேறானாலும் இருபது வருடப் பழக்கம். அவர்களுடைய ஒரே மகள் அபி, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அடம்பிடித்துக் கொண்டுவந்த பூனை அது. "வேண்டாம், வீடெல்லாம் மயிர் கொட்டும்" என்று ஒரு கிழமை சண்டை பிடித்தவர் கமலா அக்கா. அபி பல்கலைக்கழகத்துக்கென்று நாட்டின் தென்கோடியில் இருக்கும் டனிடினுக்குப் போன நாளிலிருந்து, "துரை எழும்பிட்டாரோ?", "துரைக்குக் குளிருது, ஹீட்டரைப் போடுங்கோ" என்று அந்தப் பூனைக்கு மரியாதை கொடுத்துக் கதைத்தவரும் அவரேதான்.

அபி போய் நான்கு மாதம். குளிர்காலம், அவளுக்குப் பல்கலைக்கழகச் சோதனை எழுதும் நேரம். அப்போது துரைக்குத் தடிமன் பிடித்தது. பூனைத் தடிமன் என்று லேசாக எடுக்கக் கூடாது. கண் பீளை தள்ளி, மூக்கடைத்து, காய்ச்சலோடு புதன்கிழமை எங்களிடம் கொண்டுவந்தார்கள். எங்கள் டாக்டர் மருந்து கொடுத்து அனுப்பினார். வியாழக்கிழமை காலை கமலா அக்கா கிளினிக்குக்குப் போன் எடுத்தார்.

"ஸ்டெல்லா, துரை ஒண்டும் சாப்பிடேல்லை. வாயைக் கிட்டக் கொண்டுபோறார், பிறகு திரும்பிடுறார். என்ன செய்யிறது?"

நான் நான்கு கேள்வியும் கேட்டேன். அவர் நான்குக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். பிறகு தொடங்கினேன் பாருங்கள். மூக்கடைத்தால் பூனைக்கு மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் அது சாப்பாடு என்றே அதற்கு விளங்காது. ஆகவே சாப்பாட்டை இளஞ்சூடாக்கிக் கொடுங்கள், மணம் எழும்பும். ஈரத்துணியால் மூக்கைத் துடையுங்கள். டின்மீன் கொடுத்துப் பாருங்கள். அவித்த கோழி கொடுத்துப் பாருங்கள். விரலில் தொட்டு வாயருகே காட்டுங்கள். தடவிக் கொடுங்கள். அடிக்கடி கொஞ்சங் கொஞ்சமாக வையுங்கள். தட்டையான தட்டில் வையுங்கள், மீசை இடிக்காது. எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஓம், ஓம், ஓம்" என்றார் அக்கா. நானும் போனை வைத்துவிட்டுப் பெருமையோடு தேத்தண்ணி குடித்தேன்.

இந்த இடத்தில் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலை பழகிய காலத்தில் எங்களுக்குத் தலைமை நேர்ஸாக இருந்தவர், காலை வணக்கம் கூடச் சொல்லாத ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் போட்ட சட்டம் ஒன்று: ஆலோசனை சொன்ன பிறகு, "இப்போது வீட்டில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எனக்கு ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் போனை வைத்தால் முறைப்பார். அந்தச் சட்டத்தை நான் அதுவரை இருபத்திரண்டு வருடம் கடைப்பிடித்தேன், எங்கள் ஆட்களைத் தவிர மற்ற எல்லாரிடமும். என்னைவிட மூத்த ஓர் அக்காவிடம் போய், "சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ பார்ப்பம்" என்று வகுப்புப் பிள்ளையிடம் கேட்பதுபோல் எப்படிக் கேட்பது? அது மரியாதை இல்லை என்று நினைத்தேன். அந்த மரியாதைதான் துரைக்குக் குழி வெட்டியது.

வெள்ளிக்கிழமை நான்தான் அவருக்குப் போன் எடுத்தேன். "எல்லாம் செய்தம் ஸ்டெல்லா. நீர் சொன்ன ஒண்டையும் விடேல்லை" என்றார் அக்கா. குரலில் தூக்கம் இல்லாத களைப்பு. "சாப்பிட்டாரோ?" என்றால், "ரெண்டு தரம் நக்கினவர்" என்றார். என்ன செய்தீர்கள் என்று அன்றைக்காவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை துரையை மறுபடி கொண்டுவந்தார்கள். தராசில் வைத்தால் ஐந்து கிலோவுக்கு வந்துவிட்டது. எங்கள் டாக்டர் என்னைவிட இருபது வயது இளையவர், வீண் பேச்சு இல்லாதவர். தோலுக்கடியில் நீர் ஏற்றி, குமட்டலுக்கு ஊசி போட்டு, பசியைத் தூண்டக் காதில் பூசும் மருந்தும் பூசினார். பிறகு அண்ணையையும் அக்காவையும் இருத்தி வைத்து விளக்கினார். இந்தப் பருமனுள்ள பூனை இப்படியே இன்னும் ஓரிரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு முழுவதும் ஈரலில் வந்து தேங்கும், பிறகு மீட்பது கஷ்டம். நாளைக் காலைக்குள் தானாகச் சாப்பிடத் தொடங்காவிட்டால் கழுத்துப் பக்கமாகக் குழாய் போட்டு உணவு ஏற்ற வேண்டும். குழாய் பயப்படும் விஷயம் இல்லை, ஆனால் துரைக்கு இதயத் துடிப்போடு முணுமுணுப்புப்போல் ஒரு சத்தமும் கேட்கிறது, மயக்க மருந்து கொடுப்பது அவருக்கே யோசனையாக இருக்கிறது என்றார்.

சிவலிங்கம் அண்ணை பூனைக் கூடையின் கதவைத் திறந்து திறந்து மூடினார். கமலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளைக்குத் திங்கட்கிழமை சோதனை, ஸ்டெல்லா. அவளுக்கு நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அவள் திரும்பி வரேக்குள்ள இது இல்லையெண்டால் நான் அவளின்ரை முகத்தை எப்பிடிப் பார்க்கிறது?"

எனக்குச் சின்னதாக ஒரு சந்தேகம் வந்தது. மருந்து சரி, ஊசி சரி, ஆலோசனை சரி. எல்லாம் சரியென்றால் பூனை ஏன் சாப்பிடவில்லை? டாக்டரிடம் கேட்டேன், வேலை முடிந்து போகும் வழியில் வீட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டுமா என்று. அவர் யோசிக்காமல், "போய்ப் பாருங்கள், போனில் கேட்காதீர்கள்" என்றார்.

பின்னேரம் நான்கு மணிக்கு அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். வாசலில் பதினான்கு சோடி செருப்பு, சப்பாத்து.

நமது ஆட்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒருவருக்கு வருத்தமென்றால், அதாவது உடம்புக்கு முடியவில்லையென்றால், போய்ப் பார்ப்போம். வெறுங்கையோடு போகவும் மாட்டோம். துரைக்கு வருத்தம் என்ற செய்தி கோயில் வழியாகப் பரவி, வருத்தம் பார்க்க வந்திருந்தார்கள். பூனைக்கென்று தோடம்பழம் கொண்டுவர முடியாது என்ற அளவுக்கு யோசித்து, ஆளுக்கொரு டின்மீன் கொண்டுவந்திருந்தார்கள். மேசையில் அது கோபுரமாக அடுக்கப்பட்டிருந்தது. ஒருவர் வீட்டில் வைத்த மீன் சொதியையே கொண்டுவந்திருந்தார். வெங்காயம் போட்டது. பூனைக்கு வெங்காயம் நஞ்சு. அதை முதலில் தூக்கி வெளியே வைத்தேன்.

வரவேற்பறையில், ஹீட்டருக்குப் பக்கத்தில், துரையின் மெத்தை. மெத்தையைச் சுற்றி அரைவட்டமாக ஒன்பது தட்டு. அவித்த கோழி, டின்மீன் மூன்று விதம், நெத்தலி, முட்டை மஞ்சட்கரு, கடையில் வாங்கிய பூனை உணவு இரண்டு விதம், கடைசியில் ஒரு கிண்ணத்தில் தயிர். தட்டுகளைச் சுற்றிக் கதிரை போட்டு மனிதர்கள். எல்லாருடைய கண்ணும் மெத்தையில். மெத்தையில் பூனை இல்லை.

"கட்டிலுக்குக் கீழை போயிட்டார்" என்றார் கமலா அக்கா. "நாங்கள் தூக்கிக்கொண்டு வந்து விடுவம், அவர் திரும்பப் போவார். நீர் சொன்ன மாதிரி அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா விரலிலை தொட்டுக் காட்டுறன். மருந்தையும் கோழிக்குள்ள வைச்சுத்தான் குடுக்கிறம், கசப்புத் தெரியாமல் இருக்க."

"மீனை எங்கை சூடாக்கினீங்கள்? நேற்று வெள்ளிக்கிழமையெல்லோ?" என்றேன். வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டுக் குசினிக்குள் மீன் நுழையாது என்பது எனக்குத் தெரியும்.

சிவலிங்கம் அண்ணை வெட்கத்தோடு சிரித்தார். "கராஜுக்குள்ள காம்ப் அடுப்பைப் போட்டுச் சூடாக்கினனான். எங்கடை ஆள்தான் சாப்பிடேல்லை. தெருவிலை இருக்கிற மற்றப் பூனையள் எல்லாம் கதவடியிலை வந்து நிண்டதுகள்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏனென்றால் அந்த அறையில் நடந்த எதுவும் அவர்களாகச் செய்தது இல்லை. நான் கொடுத்த பட்டியல் அது. ஒன்று சரிவராவிட்டால் மற்றது என்று நான் நினைத்துச் சொன்னதை, எல்லாவற்றையும் ஒன்றாக, ஓயாமல் செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று விடாமல் உபசரிப்பதுபோல் உபசரித்திருக்கிறார்கள். விருந்தாளி என்றால் மரியாதைக்காகச் சாப்பிட்டு வைப்பான். குமட்டலோடு இருக்கும் பூனையிடம் அப்படிச் செய்தால், அந்தச் சாப்பாட்டின் மேலேயே அதற்கு வெறுப்பு வந்துவிடும். அதற்குள் கசப்பு மருந்து வேறு.

கட்டிலடியில் குனிந்து பார்த்தேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கிடந்தது. என்னை மன்னித்துக்கொள் துரை என்று சத்தமாகவே சொன்னேன்.

என்ன செய்ய வேண்டும் என்பது பாதி தெரிந்துவிட்டது. தட்டுகளை எடுக்க வேண்டும், ஆட்களை எழுப்ப வேண்டும். ஆனால் எங்கே வைப்பது, எதில் வைப்பது, இந்தப் பூனைக்கு எது பாதுகாப்பான இடம் என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் கேட்டேன், வழக்கமாக எப்படிச் சாப்பிடும் என்று. "விடிய உடுப்புத் தோய்க்கிற லோன்றிக்குள்ள கோப்பையிலை உலர் சாப்பாட்டை நிரப்பிப்போட்டு வேலைக்குப் போயிடுவன். வந்து பார்த்தால் முடிஞ்சிருக்கும்." அண்ணையைப் பார்த்தேன். அவருக்கும் தெரியாது. நான்கு மாதமாக அந்தப் பூனை சாப்பிடுவதை அந்த வீட்டில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை.

"இதுக்கு முந்தி எப்பவாவது வருத்தம் வந்து சாப்பிடாமல் இருந்ததோ?"

"ஒருக்கா பல்லுப் பிடுங்கினது. அப்ப நாங்கள் ரெண்டு பேரும் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிட்டம். அபிதான் பார்த்தவள்."

"அப்ப அபியிட்டைக் கேளுங்கோ."

"ஐயோ, வேண்டாம்!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். சுற்றி இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சோதனை நேரத்தில் பிள்ளையின் மனத்தைக் குழப்பக் கூடாது என்பதில் அந்தப் பதினான்கு சோடிச் செருப்புக்கும் ஒரே கருத்து.

அப்போதுதான் போன் அடித்தது. ஒவ்வொரு சனியும் ஐந்து மணிக்கு அபி வீடியோவில் எடுப்பாளாம். வீடு ஒரு நொடியில் நாடக மேடையாகிவிட்டது. ஒருவர் தட்டுகளை மேசைக்கடியில் தள்ளினார், ஒருவர் டின்மீன் கோபுரத்தின் மேல் துவாயைப் போட்டார். நான் கிளினிக் சட்டையோடு நின்றேன். நெஞ்சில் பெரிதாக நாய்க்காலடிப் படம். கமலா அக்கா என் தோளைப் பிடித்துக் குசினிக்குள் தள்ளி, "சத்தம் போடாதையும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கதவுக்கு இந்தப் பக்கம் அரிசி மூட்டையோடு நான். அந்தப் பக்கம் கமலா அக்காவின் குரல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு. "துரையோ? அவர் நல்ல நித்திரை பிள்ளை. குளிரெல்லோ."

பிள்ளைகளே, இந்த வேலையில் யோசிப்பதற்கு நேரம் கிடைக்காத நிமிடங்கள் வரும். அவை எப்போதும் அறுவைச் சிகிச்சை மேசையில் வருவதில்லை. எனக்கு அது அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வந்தது. தாய் தகப்பன் சொல்ல வேண்டாம் என்கிறார்கள். ஒரு குடும்பத்தின் முடிவுக்குள் நுழைய எனக்கு என்ன உரிமை? அந்தப் பிள்ளை சோதனையில் கோட்டைவிட்டால் யார் பொறுப்பு? மறுபக்கம், கிளினிக்கில் துரையின் பதிவு அபியின் பெயரில் இருக்கிறது. குழாய் போடுவதென்றாலும் நாளைக்கு அவளிடம்தான் கையெழுத்துக் கேட்கப் போகிறோம். பூனை அவளுடையது. அதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். அந்த ஆள் கதவுக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கிறாள், இன்னும் இரண்டு நிமிடத்தில் போனை வைத்துவிடுவாள்.

கதவைத் திறந்துகொண்டு போய்க் கமராவுக்கு முன்னால் நின்றேன்.

கமலா அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. அபி என் முகத்தைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியும், ஏதோ நடந்திருக்கென்று. அம்மா மூன்று நாளாக மெசேஜில் என்னைச் 'சாப்பிட்டியா' என்று கேட்கவில்லை."

கமலா அக்கா அழத் தொடங்கிவிட்டார். நான் சுருக்கமாக நடந்ததைச் சொன்னேன், டாக்டர் வைத்த கெடுவையும் மறைக்கவில்லை. அபியின் முகம் வெளுத்தது. ஆனால் அவள் உடையவில்லை. "துரையைச் சுற்றி எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். சிவலிங்கம் அண்ணை போனைத் திருப்பி அறையைக் காட்டினார். பதினான்கு பேரும் கமராவைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

"கடவுளே!" என்றாள் அபி. பிறகு சிரித்துவிட்டாள். "அவனுக்கு வருத்தமென்றால் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிட மாட்டான். பல்லுப் பிடுங்கினபோதும் இதேதான். என் அறை மேசைக்கடியில் வைக்க வேண்டும். என் நீலப் பீரிஸில், அந்தச் சின்னத் தட்டில், இரண்டு கரண்டி, அவ்வளவுதான். நான் கதிரையில் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து என் வேலையைச் செய்வேன். ஆள் இருக்க வேண்டும், பார்க்கக் கூடாது. அம்மா, நீ போய் என் கதிரையில் இரு. பேசாதே. முக்கியமாக, பேசாதே."

எனக்கு வெட்கமாக இருந்தது. பல்லுப் பிடுங்கிய அந்த முறை அபி எங்கள் கிளினிக்குக்கு இதைச் சொல்லியிருக்கிறாள், ஒருவர் கணினியில் ஒரு வரியாக எழுதியும் வைத்திருக்கிறார். பிறகு போய்ப் பார்த்தேன், அப்படியே கிடந்தது. நான் பழைய பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை.

வருத்தம் பார்க்க வந்தவர்களை எழுப்புவது பூனையைச் சாப்பிட வைப்பதை விடக் கடினம். சிவலிங்கம் அண்ணைதான் அதைச் செய்தார். "எல்லாரும் கராஜுக்கு வாங்கோ, காம்ப் அடுப்பிலை தேத்தண்ணி போடுறன்" என்றார். விருந்தோம்பல் தொடர்கிறது என்று தெரிந்ததும் அத்தனை பேரும் மறுபேச்சில்லாமல் எழுந்து போனார்கள்.

நான் ஒன்பது தட்டையும் கழுவி அடுக்கினேன். நீலப் பீரிஸைத் தேடி எடுத்து, மருந்து சேராத கோழியில் இரண்டு கரண்டி உதிர்த்து, கையில் வைத்தால் இதமாக இருக்கும் அளவுக்குச் சூடாக்கினேன். துரையின் மூக்கைத் துடைத்து, அபியின் மேசைக்கடியில் பழைய சால்வையொன்றின் மேல் விட்டோம். பீரிஸை ஒரு முழம் தள்ளி வைத்தேன். அபி டனிடினில் புத்தகத்தைத் திறந்துவிட்டாள். போனை வைக்காமல், சத்தத்தை நிறுத்திக் கட்டிலில் போட்டுவிட்டு வந்தோம்.

கமலா அக்கா கதிரையில் இருந்தார், பூனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இருபது நிமிடம் என்று சொல்லியிருந்தேன். சாப்பிடாவிட்டால் பீரிஸை எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை என்றும் ஒப்பந்தம். நான் கதவு இடுக்கில் நின்றேன். அவர் தோள் இரண்டும் இறுகிப் போயிருந்தன. வாய் சத்தமில்லாமல், "சாப்பிடு ராசா, சாப்பிடு ராசா" என்று அசைந்துகொண்டிருந்தது.

ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பத்து நிமிடம் ஒன்றுமில்லை. கராஜிலிருந்து சிரிப்பு கேட்டது. என் மனதில் நாளைக் காலையின் மயக்க மருந்தும் அந்த இதய முணுமுணுப்பும்தான் ஓடிக்கொண்டிருந்தன. பதின்மூன்றாவது நிமிடம் என்று நினைக்கிறேன். பீரிஸ் தரையில் கிறீச்சென்று நகரும் சத்தம். பிறகு ஈர நாக்கின் சத்தம். நிற்கிறது, தொடங்குகிறது, நிற்கிறது. ஓய்வு பெறும்வரை பார்த்த இருபத்தாறு வருட வேலையில் அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

கமலா அக்கா திரும்பவில்லை. ஆனால் அவர் கண்ணிலிருந்து நீர் வடிந்தது, வாய் காதுவரை விரிந்தது. எப்படித் தெரிந்தது இவருக்கு என்று எட்டிப் பார்த்தேன். அவருக்கு எதிரே தாழ்ந்த அலுமாரித் தட்டில் அபியின் பழைய கணினித் திரை, அணைத்துக் கறுப்பாக இருந்தது. அதில் துரை பீரிஸை நக்குவது முழுவதும் தெரிந்தது. மனுசி பத்து நிமிடமாகத் திரையில் படம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

பீரிஸ் காலியானதும் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தார். "இன்னும் கொஞ்சம் வைப்பம் ஸ்டெல்லா, இன்னும் கொஞ்சம்…"

நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அந்த முழுச் சனிக்கிழமையிலும் பலத்தைப் பாவித்தது அங்கே ஒருமுறைதான்.

பிறகு அவரை இருத்தி வைத்து, "அக்கா, கோவிக்காதையுங்கோ. இண்டைக்கு இனி என்ன செய்யப் போறீங்கள் எண்டு எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்டேன். அவர் கோவிக்கவே இல்லை. விரல் மடித்துச் சொன்னார். நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ரெண்டு கரண்டி, ஒரே சாப்பாடு, ஒரே பீரிஸ், மருந்து வேற நேரம் வேறயா. "பார்க்கிறேல்லை" என்று கடைசியில் சேர்த்தார். "நேர பார்க்கிறேல்லை" என்று திருத்தியும் கொண்டார். இருபது வருடப் பழக்கத்தில் அவர் மரியாதையை நான் ஒன்றும் குறைத்துவிடவில்லை. கேட்டால் குறையும் என்று நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிறு காலை டாக்டர் துரையைப் பார்த்தார். இரவுக்குள் மூன்று தடவை சாப்பிட்டிருந்தது. குழாய் வேண்டாம் என்றார். திங்கட்கிழமை அபி சோதனை எழுதினாள். நன்றாகவே செய்தாள். அவளிடம் மறைத்தால்தான் அவள் சோதனையில் தப்புவாள் என்று சொன்ன பதினான்கு பேரும், "நாங்கள் அப்பவே சொன்னம், பிள்ளையிட்டைக் கேளுங்கோ எண்டு" என்று இப்போது சொல்கிறார்கள். டின்மீனை அவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு மாதத்துக்குச் சிவலிங்கம் அண்ணை பாணோடு அதைத்தான் சாப்பிட்டார், வெள்ளிக்கிழமை தவிர.

ஆகவே, கோயம்புத்தூர் மகளே, அந்தப் போன் வந்தால் உன் நான்கு கேள்வியையும் கேள். பிறகு, வருத்தம் இல்லாத நாளில் அது எங்கே, எப்படிச் சாப்பிடும், அதைக் கண்ணால் கண்டது யார் என்று கேள். அந்த ஆளோடு பேசு, அவர் எந்த ஊரில் இருந்தாலும். பழைய பதிவைத் திறந்து பார். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு விஷயம் சொல், கூடச் சொல்லாதே. சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கேள். மூத்தவர்களிடமும் கேள், நமது ஆட்களிடம் கட்டாயம் கேள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் காத்திருக்காமல் கொண்டுவரச் சொல், ஏனென்றால் வீட்டில் செய்வதெல்லாம் மருந்து உள்ளே போன பிறகுதான் பலிக்கும்.

எழுதி முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கணக்குத் தீராது.

ஓய்வு பெற்ற மறுமாதமே எனக்குப் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை. வீட்டுக்கு வந்து மூன்று நாள், ஒரு வாய் இறங்கவில்லை. வருத்தம் பார்க்க வந்தார்கள், அதே பதினான்கு சோடிச் செருப்பு. சூப், இடியப்பம், கஞ்சி, புட்டு. கட்டிலைச் சுற்றிக் கதிரை. "ஒரு வாய் சாப்பிடுங்கோ அக்கா, எங்களுக்காக ஒரு வாய்." அவர்கள் அன்பில் குறையே இல்லை. எனக்குச் சுவரோடு ஒட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

நான்காம் நாள் கமலா அக்கா வந்தார். வாசலில் நின்றபடி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். "அவர் கராஜிலை தேத்தண்ணி போடுறார், எங்கடை வீட்டிலை. போங்கோ" என்றார். நான்கு தெரு தள்ளி என்பதையும் பொருட்படுத்தாமல் அவர்கள் எழுந்து போனார்கள்.

பையிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்தார். இளஞ்சூட்டில் நொய்க் கஞ்சி, இரண்டு கரண்டிக்கு மேல் இல்லை. அதைக் கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில், கைக்கு எட்டியும் எட்டாததுமாக வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, என் மகன் குவித்து வைத்திருந்த துவைத்த உடுப்புகளை மடிக்கத் தொடங்கினார்.

அறை அமைதியாகிவிட்டது. கஞ்சியின் மணம் மெல்ல வந்தது. கொஞ்ச நேரத்தில், யாரும் சொல்லாமலே, என் கை கரண்டியை எடுத்தது.

ஒரு வாய் விழுங்கிவிட்டு நிமிர்ந்தேன். அவருக்கு எதிரே சுவரில் தொலைக்காட்சி, அணைத்துக் கறுப்பாக இருந்தது. அதில் கமலா அக்காவின் இரண்டு கண்ணும் என் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தன.

நான் காணாதவள்போல் இரண்டாவது கரண்டியை எடுத்தேன்.